இறைக்குப் பிரதிநிதி யார்?

தமிழில் 'இறை' என்ற சொல் கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், அரசனுக்குக் கட்டும் வரியையும் குறிக்கும். அரசனின் சிறப்பைச் சொல்லும் குறள் அதிகாரத்தின் பெயர் இறைமாட்சி. நீதி வழங்கிக் குடிகளைக் காக்கும் அரசனை மக்கள் தெய்வமாகவே எண்ணுவார்கள் என்பது அதிலுள்ள ஒரு குறளின் கருத்து. அங்கே தெய்வத்துக்கு வள்ளுவர் இடும் சொல்லும் இறைதான். வரி நீக்கி விடப்பட்ட கோயில் நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் 'இறையிலி' என்கின்றன. கோயில் என்ற சொல்லும் முதலில் கோவின் இல்லம். பிறகுதான் அது தெய்வத்தின் இல்லமாக மட்டும் நின்றது. கடவுள், அரசன், வரி மூன்றும் ஒரே சொல்லில் முடிச்சிடப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சாயலில்தான் தெரிந்திருக்கிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்கள் ஐரோப்பாவின் அரசின்மைவாதிகள். 'அராஜகம்' என்றதும் நமக்குக் கடை உடைப்பும் கல்லெறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரசன் இல்லாத நிலை என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கட்டளையிடும் உரிமை எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டபோது மதத்தின் நடுநெஞ்சில் இருக்கும் வேறொரு கேள்வியையும் அவர்கள் தொட்டுவிட்டார்கள்: கடவுளை நம்புகிறவன் அதனால் அடிமையாகிறானா, விடுதலை பெறுகிறானா?

இதற்கு மிகக் கடுமையான பதிலைத் தந்தவர் மிகயீல் பக்கூனின். 1814இல் ரஷ்ய நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1848–49 புரட்சிகளில் இறங்கிப் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, கடைசியில் ரஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கோட்டைச் சிறைகளில் பல ஆண்டுகள் கிடந்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1861இல் அங்கிருந்து தப்பி ஜப்பான், அமெரிக்கா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அவருடைய 'கடவுளும் அரசும்' 1871இல் எழுதிய ஒரு பெரிய நூலின் துண்டு. 1876இல் அவர் இறந்தபின், 1882இல் நண்பர்கள் அதை அச்சேற்றினார்கள். அதன் வாதம் நேரானது. கடவுள் என்றால் எல்லாவற்றுக்கும் மேலான எசமான். மேலே முழுமையான எசமான் ஒருவர் இருந்தால் கீழே இருப்பவர்கள் முழுமையான அடிமைகள். அந்த எசமானை யாரும் கண்ணால் காண்பதில்லை; ஆகவே அவர் சொன்னதை எடுத்துச் சொல்ல ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தீர்க்கதரிசி, குருமார், அரசன், நீதிபதி என்று அந்த வரிசை இறங்கிவருகிறது. பூமியிலுள்ள ஒவ்வொரு ஆட்சியும் தன் உரிமைப் பத்திரத்தை வானத்திலிருந்துதான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கடவுள் இல்லையென்றால் அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று வால்டேர் சொன்னதைத் திருப்பிப்போட்டு, கடவுள் உண்மையிலேயே இருந்தாலும் அவரை நீக்கியாக வேண்டும் என்று எழுதினார் பக்கூனின்.

இந்த வாக்கியத்தோடு நூலை மூடிவைப்பவர்களே அதிகம். ஆனால் அதே நூலில் செருப்புத் தைப்பவரைப் பற்றிய ஓர் இடம் வருகிறது. எனக்கு அதுதான் நூலின் இதயமாகப் படுகிறது. எல்லா அதிகாரத்தையும் மறுக்கிறாயா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பக்கூனின், இல்லை என்கிறார். காலணி விஷயத்தில் செருப்புத் தைப்பவரின் சொல்லைக் கேட்பார். வீடு, கால்வாய், ரயில்பாதை என்றால் பொறியாளரின் சொல்லைக் கேட்பார். ஆனால் இருவரும் தங்கள் சொல்லை அவர்மேல் திணிக்க முடியாது. அவர் பலரைக் கேட்பார், ஒப்பிட்டுப் பார்ப்பார், தானே தீர்மானிப்பார். தவறே செய்யாத அதிகாரம் என்று ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னும் ஒரு படி மேலே போய், அறிஞர்கள் கையில் ஆட்சியைக் கொடுத்தால் அவர்களும் புதிய குருமார்களாகிவிடுவார்கள் என்று எச்சரிக்கிறார். ஆக அவர் அஞ்சியது மேலான அறிவைக் கண்டு அல்ல, மேலான உண்மையைக் கண்டும் அல்ல. உண்மை என் வாயில்தான் இருக்கிறது, ஆகையால் நீ பணி என்று சொல்லும் ஆளைக் கண்டே அஞ்சினார். கடவுளை நோக்கி அவர் எறிந்த கல் உண்மையில் கடவுளின் பிரதிநிதியாக நின்றவனைக் குறிவைத்தது.

இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தவர் லியோ டால்ஸ்டாய். 'கடவுளின் ராஜ்யம் உங்களுக்குள்ளே' என்ற நூலை 1893இல் முடித்தார். ரஷ்யாவில் தணிக்கை அதைத் தடுத்தது; வெளிநாட்டில் அச்சாயிற்று. தலைப்பு லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்தது. தீமை செய்பவனைத் தீமையால் எதிர்க்காதே என்ற மலைப்பிரசங்கக் கட்டளையை ஓர் உயர்ந்த கனவாக எண்ணாமல், கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவனும் நாளைக் காலையிலிருந்து நடக்கவேண்டிய விதியாகவே எடுத்துக்கொண்டார் அவர். அப்படி எடுத்துக்கொண்டால் படையில் சேர முடியாது, நீதிபதியாக உட்கார முடியாது, தூக்குத் தண்டனைக்குக் கையெழுத்திட முடியாது. வன்முறையில் நிற்கும் அரசின் எந்த உறுப்பாகவும் இருக்க முடியாது. பக்கூனின் கண்ட அதே அதிகாரச் சங்கிலியை டால்ஸ்டாயும் கண்டார். அதன் மேல்முனையை மட்டும் வேறுவிதமாகப் பிடித்தார்: கடவுள் ஒருவரே எசமான், ஆகையால் வேறு எவரும் எசமான் அல்லர். சிவனுக்கு ஆட்பட்டபின் தான் எவருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல என்று அப்பர் பாடியதும், அது பல்லவ மன்னனின் ஆணைக்கு அவர் தந்த மறுமொழி என்று பெரியபுராணம் விவரிப்பதும் தமிழ் வாசகருக்குப் பழகியவை. மேலே ஓர் இறை இருப்பதாலேயே கீழே உள்ள இறைக்குத் தலைவணங்க வேண்டியதில்லை என்ற இந்தத் தர்க்கம் பக்கூனினின் நூலில் இல்லை. அவர் அதை யோசித்துப் பார்க்கவே இல்லை என்பது அந்த நூலின் பெரிய குறை.

அந்தச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்பதை டால்ஸ்டாய் தன் நூலின் கடைசி அதிகாரத்தில் அருகிருந்து காட்டுகிறார். 1892 செப்டம்பர் 9. பஞ்சம் வாட்டிய தூலா, ரியாஸான் மாகாணங்களின் வழியே அவர் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு நிலையத்தில் அவருடைய ரயில் ஒரு சிறப்பு ரயிலைச் சந்திக்கிறது. அதில் மாகாண ஆளுநர் இருக்கிறார், படைவீரர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கிகளும் தோட்டாக்களும், அவற்றோடு கட்டுக்கட்டாகப் பிரம்புகளும் இருக்கின்றன. நிலப்பிரபு ஒருவர் காட்டை வெட்டவிடாமல் தடுத்த குடியானவர்களை அடிக்கவும், தேவைப்பட்டால் சுடவும் அந்த ரயில் போகிறது. வீரர்களில் பெரும்பாலோர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். முகத்தில் கொடுமை இல்லாத, நல்ல சுபாவமுள்ள இளைஞர்கள். இவர்கள் எப்படித் தங்கள் தகப்பனையொத்த கிழவர்களை அடிக்கப் போகிறார்கள் என்று டால்ஸ்டாய் கேட்கிறார். பதில் அந்த ரயில் பெட்டிகளின் வரிசையிலேயே இருக்கிறது. வீரன் அதிகாரி சொன்னதைச் செய்கிறான், அதிகாரி ஆளுநர் சொன்னதை, ஆளுநர் அமைச்சகம் சொன்னதை, அமைச்சகம் சட்டத்தின்படி. ஒவ்வொருவனும் தன் மனசாட்சியை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டான். அது போய்ச் சேர்ந்த இடம் எதுவுமே இல்லை. இதற்கெல்லாம் முத்திரையாக இருப்பது படையில் சேரும்போது எடுக்கும் சத்தியப்பிரமாணம். சத்தியமே செய்யாதே என்று சொல்லும் நற்செய்தி நூலின்மேல் கைவைத்துத்தான் வீரன் சத்தியம் செய்கிறான். பக்கத்தில் நின்று அதைச் செய்விப்பவர் ஒரு பாதிரியார்.

பக்கூனின் கடவுளை மறுத்தார், டால்ஸ்டாய் கடவுளைப் பற்றிக்கொண்டார். ஆனாலும் இருவரும் ஒரே ஆளைத்தான் பிடித்து நிறுத்தினார்கள். நடுவில் நிற்பவன் அவன். மேலிருப்பதன் பெயரால் பேசி, அந்தப் பேச்சுக்குத் துணையாகப் பிரம்பையும் வைத்திருப்பவன். அரசின்மைவாதம் சமயத்துக்குச் சொல்லவேண்டிய சேதி இதுதான் என்று நினைக்கிறேன். கடவுள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. கடவுளுக்கு அதிகாரம் பெற்ற பிரதிநிதி உண்டா என்பதே மனிதன் அடிமையா சுதந்திரனா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த எண்ணம் சமயத்துக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. சாமுவேல் முதல் நூலின் எட்டாம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தங்களுக்கு அரசன் வேண்டும் என்று கேட்கும்போது கடவுள் அதைத் தன்னையே நிராகரித்ததாக எடுத்துக்கொள்கிறார். அரசன் வந்தால் உங்கள் பிள்ளைகளைப் போருக்கு எடுப்பான், வயலை எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று எச்சரிக்கிறார். இங்கிலாந்தில் 1793இல் 'அரசியல் நீதி' எழுதி நவீன அரசின்மைச் சிந்தனையைத் தொடங்கிவைத்த வில்லியம் காட்வின், அதற்குமுன் அரசுத் திருச்சபையை ஏற்காத பிரிவொன்றின் போதகராக இருந்தவர். பின்னாளில் நம்பிக்கையை இழந்தார். ஆனால் ஒவ்வொருவரின் தீர்ப்பும் அவரவருக்கே உரியது என்று அந்தச் சிறுசபைகள் ஊட்டிய பிடிவாதத்தை அவர் விடவில்லை. அவருடைய அரசியல் நூலின் முதுகெலும்பே அதுதான்.

இவர்களில் சிலர் கட்டுரையோடு நிற்காமல் நாவலுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. காட்வின் தன் தத்துவ நூலுக்கு அடுத்த ஆண்டே 'காலெப் வில்லியம்ஸ்' நாவலை வெளியிட்டார். எசமானின் குற்றத்தை அறிந்துகொண்ட ஏழை வேலைக்காரனைச் சட்டம் நாடெங்கும் துரத்தும் கதை அது. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' 1899இல் வந்தது. பிரதிநிதித்துவம் என்ற நோயைக் கட்டுரையில் விளக்கலாம்; அந்த நோய் பிடித்த மனிதனின் முகத்தை நாவலில்தான் பார்க்க முடியும். 'புத்துயிர்ப்பு' நாவலில் தோபோரோவ் என்று ஓர் உயரதிகாரி வருகிறார். ரஷ்யத் திருச்சபையை நடத்திய புனித சினோடின் அரசுத் தலைவராக இருந்த பொபெதனோஸ்த்சேவின் சாயலில் படைக்கப்பட்டவர். பெயரின் வேர் ரஷ்ய மொழியில் கோடரியைக் குறிக்கும் சொல். நற்செய்தியைக் கூடிப் படித்த குற்றத்துக்காகக் குடும்பங்களைப் பிரித்து நாடு கடத்திய வழக்கு அவர் முன் வருகிறது. அவருக்கே பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. கோழி வளர்ப்பவன் அழுகிய இறைச்சியை அருவருத்தாலும், கோழிகள் தின்கின்றன என்பதற்காகப் போடுவான் அல்லவா, அப்படித்தான் அவர் மக்களுக்கு மதத்தை வைத்திருக்கிறார் என்கிறார் டால்ஸ்டாய். கடைசியில் அவர் அந்தக் குடும்பங்களை விடுவிக்கிறார். ஆனால் இரக்கத்தால் அல்ல. விஷயம் ஜார் மன்னரின் காதுக்குப் போனால் அசிங்கமாகிவிடும் என்பதால். கடவுள் நிறுவியதாகச் சொல்லும் சபையை மனிதர்கள் காவலர்களை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருப்பது அவருக்கு ஒரு முரணாகவே படுவதில்லை.

அதே நாவலில் இன்னொரு காட்சி. கொளுத்தும் ஜூலை வெயிலில் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் ரயில் நிலையத்துக்கு நடத்திப் போகிறார்கள். வழியில் கைதிகள் வெயில் தாங்காமல் விழுந்து சாகிறார்கள். நாயகன் நெஹ்லூதவ் யார் குற்றவாளி என்று தேடிப் பார்க்கிறான். உத்தரவில் கையெழுத்திட்டவர் தன் வேலையைச் செய்தார். மருத்துவர் தன் வேலையைச் செய்தார். தலைகளை எண்ணி ஒப்படைத்தவரும் எண்ணி வாங்கியவரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஒருவர்கூட விதி மீறவில்லை, மனிதர்கள் செத்துவிட்டார்கள். இதே ஆட்கள் பதவியில் இல்லாமல் வெறும் வழிப்போக்கர்களாக இருந்திருந்தால், மயங்கியவனை நிழலுக்கு இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். பிறகு ரயிலில் போகும்போது மழை பெய்கிறது. பாதையோரச் சரிவில் கல் பாவியிருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் கல்மேல் வழிந்தோடுகிறது. சரிவில் கல் பாவுவது அவசியமாகவே இருக்கலாம், ஆனால் புல்லும் பயிரும் முளைக்கவேண்டிய மண் இப்படி மூடிக் கிடக்கிறதே என்று அவன் வருந்துகிறான். இந்த நாவலால் வந்த பணத்தை, ஆயுதம் ஏந்த மறுத்துத் துன்புறுத்தப்பட்ட தூகபோர் குடியானவர்கள் கனடாவுக்குக் குடியேற டால்ஸ்டாய் கொடுத்தார். 1901இல் புனித சினோடு அவரைச் சபையிலிருந்து விலக்கியது.

கடவுளும் போய், அரசும் போய்விட்டால் பிரதிநிதியும் போய்விடுவானா? இந்தக் கேள்வியை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். 1974இல் வந்த அவருடைய 'தி டிஸ்பொசெஸ்ட்' அரசின்மைவாதத்தின் பக்கம் நிற்கும் நாவல். அதனாலேயே அதன் சோதனைக்கு மதிப்பு அதிகம். ஊராஸ் என்ற கோளின் நிலவான அனாரஸில் ஒடோ என்ற பெண்ணின் கொள்கையைப் பின்பற்றியவர்கள் குடியேறி, அரசும் சொத்தும் சிறையும் சட்டமும் இல்லாமல் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். நாவலில் ஒரு சிறுவர் விளையாட்டு வருகிறது. சிறை என்றால் என்னவென்று பாடத்தில் படித்த பையன்கள் கட்டடத்தின் அடியில் ஓர் இருட்டுப் பொந்தைச் சிறையாக்குகிறார்கள். ஒருவன் தானே முன்வந்து கைதியாகிறான். மற்றவர்கள் அவனை அடைத்துவிட்டு நெடுநேரம் விட்டுவிடுகிறார்கள். வெளியே வந்தவனின் கோலத்தைப் பார்த்த ஷெவெக் என்ற சிறுவன் வாந்தியெடுக்கிறான். சிறையே இல்லாத உலகத்தில் பிறந்தவர்களுக்கும் காவலனாக இருக்கும் கலை ஒரு பிற்பகலில் வந்துவிடுகிறது. அந்த ஷெவெக் வளர்ந்து இயற்பியலாளனாகிறான். எது அச்சாக வேண்டும், எது கூடாது என்பதைச் சாபுல் என்ற மூத்த அறிஞர் ஒருவரே முடிவுசெய்வதைக் காண்கிறான். அவருக்குப் பதவி எதுவும் இல்லை, செல்வாக்கு மட்டும் இருக்கிறது. நையாண்டி நாடகம் எழுதிய நண்பன் தீரின் மனநல விடுதிக்குப் போய்ச் சேர்கிறான். ஷெவெக் ஊராஸுக்குப் புறப்படும் நாளில், சட்டமே இல்லாத அந்தச் சமூகத்தின் கூட்டம் துரோகி என்று கத்திக் கல்லெறிகிறது, ஒருவர் சாகிறார். அங்கே கடவுளின் இடத்தில் ஒடோ இருக்கிறாள், அரசின் இடத்தில் அக்கம்பக்கத்தின் அபிப்பிராயம் இருக்கிறது. லாவோட்சுவின் சிந்தனையில் ஊறிய லெ குவின் இதனால் கொள்கையைக் கைவிடவில்லை. விடுதலை ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைக்கும் பொருள் அல்ல, ஒவ்வொரு தலைமுறையும் தானே திரும்பச் செய்யவேண்டிய வேலை என்பதுதான் நாவல் சேரும் இடம்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகளை நான் பொருட்படுத்துகிறேன். முதலாவது தஸ்தயேவ்ஸ்கி 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் மகா விசாரணையாளரின் வாயில் வைத்தது. மனிதர்களுக்குச் சுதந்திரம் தாங்க முடியாத சுமை. அவர்களுக்கு வேண்டியது அப்பமும், அற்புதமும், தலைவணங்க ஒருவரும். அந்தச் சுமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சபைதான் அவர்களை உண்மையில் நேசித்தது என்கிறார் அந்தக் கிழவர். பல மனிதர்கள் பல நேரங்களில் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இது மனித இயல்பைப் பற்றிய உண்மை என்றால் விசாரணையாளரும் மனிதர்தான். தன் மனசாட்சியை மட்டும் சுமக்க அவருக்குத் தோள் எங்கிருந்து வந்தது? 1895இல் தங்கள் ஆயுதங்களையெல்லாம் குவித்து எரித்த தூகபோர்களை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத குடியானவர்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுள் குடியிருக்கிறார், ஆகையால் கொல்லமாட்டோம் என்றார்கள். அடிபட்டார்கள், சிதறடிக்கப்பட்டார்கள், ஆயுதத்தைத் திரும்பத் தொடவில்லை. அவர்களிடமும் தலைவரைத் தெய்வத்துக்கு அருகில் வைத்துப் போற்றும் வழக்கம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதிரியாரை வெளியேற்றிய வீட்டிலும் பிரதிநிதி பின்வாசல் வழியாக வரலாம். ஆனாலும் சாதாரண மனிதனால் சுமக்க முடியாது என்ற கூற்றை அவர்கள் பொய்யாக்கிக் காட்டினார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஒவ்வொருவரும் தன் மனசாட்சிதான் கடவுளின் குரல் என்று கிளம்பினால் கொலைகாரனும் அதையே சொல்வான். வெறியர்கள் எல்லோரும் நேரே கடவுளிடம் கேட்டவர்கள்தானே? இதற்கான விடை டால்ஸ்டாயின் அகிம்சையில் இருக்கிறது. பலர் அதை அவருடைய அரசின்மைவாதத்தோடு ஒட்டவைத்த தனி அறக்கொள்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது அந்த வாதத்தின் தவிர்க்க முடியாத முடிவாகத் தெரிகிறது. கடவுளின் குரலைக் கேட்டேன் என்று சொல்பவன் அதற்காகத் தான் சிறை போகலாம், பட்டினி கிடக்கலாம். அதன் பெயரால் அடுத்தவன்மேல் கைவைத்த கணத்தில், அவனும் அடுத்தவனுக்குக் கடவுளின் பிரதிநிதியாகிவிட்டான். பக்கூனின் சறுக்கியது இங்கேதான். தவறாத அதிகாரம் எதுவும் இல்லை என்று எழுதியவர், புரட்சியைத் திரைமறைவிலிருந்து நடத்தும் ரகசியச் சங்கங்களைக் கற்பனை செய்துகொண்டே இருந்தார். எல்லா வழியும் சரி என்ற புரட்சியாளர் நெச்சாயேவுடன் சிலகாலம் கைகோத்தார். கண்ணுக்குத் தெரியாத சர்வாதிகாரமும் சர்வாதிகாரம்தான். ஆட்சியை மறுப்பவர்கள் சொல்வதெல்லாம் சரி, அதை வன்முறைப் புரட்சியால் கொண்டுவரலாம் என்பது மட்டும் தவறு என்று டால்ஸ்டாய் 1900இல் எழுதியது இதனால்தான்.

மூன்றாவது மறுப்பு இந்த எண்ணங்கள் நம் நாட்டுக்கு வந்த வழியோடு சேர்ந்தே வருகிறது. பக்கூனின் இங்கே பகத் சிங் வழியாக வந்தார். லாகூர் சிறையில் 1930இல் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையில் பகத் சிங் பக்கூனினைப் படித்ததைச் சொல்கிறார். அந்தக் கட்டுரையைத் தமிழாக்கியவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. டால்ஸ்டாய் காந்தி வழியாக வந்தார். 1908இல் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்பதில் டால்ஸ்டாய் குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து சில குறள்களை எடுத்தாண்டார். காந்தி அந்தக் கடிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த சத்தியாக்கிரகிகளில் தமிழர்கள் பலர். ஆனால் அதே குறளின் செங்கோன்மை அதிகாரம், கொடியவர்களைக் கொலைத்தண்டனையால் ஒழிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டு முடிகிறது. டால்ஸ்டாய் ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். மற்றப் பாதியின் பக்கம் நின்று கேட்டால் கேள்வி நியாயமானது: களையே எடுக்காவிட்டால் பயிரை யார் காப்பது? இதைத் தன் மக்களின் வாழ்விலிருந்து கேட்டவர் அம்பேத்கர். அரசு தலையிடாத கிராமம் தலித்துக்குச் சுதந்திர பூமியாக இருந்ததில்லை என்பது அவர் அறிந்தது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியல் சட்டவழிகள் திறந்திருக்கையில் சட்டமறுப்பும் சத்தியாக்கிரகமும் அராஜகத்தின் இலக்கணமே என்றார். அவற்றை விட்டுவிடக் கேட்டுக்கொண்டார்.

இந்த மறுப்புக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். டால்ஸ்டாய் பார்த்த பிரதிநிதிக்குச் சீருடை இருந்தது. அம்பேத்கர் பார்த்த பிரதிநிதிக்கு அது தேவைப்படவில்லை. ஊர்க் கிணற்றடியில் நின்ற ஒவ்வொருவரும் சாதியின் சம்பளமில்லாத காவலர்களாக இருந்தார்கள். அரசே இல்லாமல் சட்டமும் தண்டனையும் எல்லைக்கோடும் வைத்து நடந்த ஆட்சி சாதி. அனாரஸின் கல்லெறியும் கூட்டத்தைக் கற்பனை செய்ய லெ குவினுக்கு வேறொரு கோள் தேவைப்பட்டது. இங்கே அது தெருமுனையில் இருந்தது. அந்தக் கூட்டத்திடமிருந்து ஒரு மனிதனைக் காப்பாற்றும் சட்டத்தை, வேறு வழி கண்ணில் தெரியாதவரை, அரசின்மைவாதி தூக்கியெறியக் கூடாது. ஆனால் அம்பேத்கர் சாதியின் வேரை எங்கே வெட்டச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 'சாதி ஒழிப்பு' நூலில், சாஸ்திரங்கள் தெய்வத்தின் வாக்கு என்ற நம்பிக்கை போகாதவரை சாதி போகாது என்று வாதிட்டார். இது பக்கூனின் சொன்ன உரிமைப் பத்திரத்தைக் கிழிக்கும் செயல் அல்லாமல் வேறென்ன? தெய்வத்தின் பெயரால் வந்த மாற்ற முடியாத சட்டத்தை எரித்தவர், மனிதர்கள் எழுதி மனிதர்களே திருத்தக்கூடிய சட்டத்தை எழுதினார். அந்தத் திருத்தும் உரிமைதான் செருப்புத் தைப்பவரை ஆண்டவனிடமிருந்து பிரிக்கிறது. அரசைச் செருப்புத் தைப்பவராக வைத்துக்கொள்ளலாம்: அவர் வேலை நமக்குத் தேவை, பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அவரைக் கோயிலில் வைத்தால் கால் வெட்டுப்படும்.

எனவே என் முடிவு இது. கடவுள் நம்பிக்கை தானாக எவரையும் அடிமையாக்குவதில்லை. கடவுள் மறுப்பும் தானாக எவரையும் விடுவிப்பதில்லை. நம்புகிறவர் தன் கடவுளுக்குப் பிரதிநிதியை ஏற்றுக்கொண்டால் அடிமை. மறுப்பவர் கட்சிக்கோ, அறிவியலுக்கோ, தேசத்துக்கோ அப்படி ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவரும் அடிமை. மனிதன் அறிவைக் கடன் வாங்கலாம், உழைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம், பொதுவிதிகளை ஒப்புக்கொள்ளலாம். மனசாட்சியை மட்டும் ஒருவரிடம் கொடுத்துவைக்க முடியாது. கொடுத்துவைத்த இடத்தில் அது இருப்பதில்லை. பக்கூனினின் சிறுநூலையும் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். நாத்திகரும் பக்தரும் ஒரே கதவைத் தட்டுவது கேட்கும். பிறகு உங்களிடம் ஒரு கட்டளை வரும்போது, அது யார் பெயரால் வந்தாலும், அந்த ரயிலில் இருந்த இளைஞர்கள் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேளுங்கள்: பிரம்பு யார் கையில் இருக்கிறது? உங்கள் கையில் இருந்தால், அடிப்பது நீங்கள்தான்.